சேர்விஸ் அண்ணையும் நாற்பத்திரண்டு பற்களும்

அவருக்கு ‘அடிக்கடி’ என்ற சொல் பிடிக்காது. ‘சிலவேளை’, ‘இடைக்கிடை’, ‘தேவைப்பட்டால்’ ஆகியவையும் பிடிக்காது. யாராவது பேச்சுவாக்கில் அப்படி ஒன்றைச் சொல்லிவிட்டால், கையிலிருக்கும் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார்.

"அடிக்கடி எண்டால்? எத்தனை நாளைக்கு ஒருக்கா?"

சொன்னவர் ஓர் எண்ணைச் சொல்லும்வரை விடமாட்டார். அந்த எண் சரியா பிழையா என்பது அவருக்கு இரண்டாவது விஷயம். எண் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை கோயிலில் ஐயர், "வீட்டில அடிக்கடி விளக்கேத்துங்கோ" என்று பொதுவாகச் சொல்லப்போய் அகப்பட்டுக்கொண்டார். பின்னால் பிரசாதத்துக்கு நாற்பது பேர் நிற்க, இவர் தட்டை நீட்டியபடி, "கிழமைக்கு எத்தனை ஐயா?" என்று நின்றார். ஐயர் தப்புவதற்காக "ரெண்டு" என்றார். அன்று தொடக்கம் செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு நாற்பதுக்கு அந்த வீட்டில் விளக்கு எரிந்தது. புதன்கிழமை வந்த தைப்பூசத்துக்கு எரியவில்லை.

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத் தமிழர்கள் அவருக்கு ‘சேர்விஸ் அண்ணை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் மாமா என்று கூப்பிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு அவருடையது. ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த இயந்திரத்துக்கு எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும், எந்தப் பட்டியை எப்போது மாற்ற வேண்டும் என்று அவர் எழுதி ஒட்டிய பட்டியல், அவர் போன பிறகும் அந்தச் சுவரில் தொங்கியதாகச் சொல்வார்கள்.

ஓய்வு பெற்ற அன்றே அதே மாதிரிப் பட்டியல் ஒன்றை வீட்டில் தொடங்கினார். குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் கோடு போட்ட பெரிய தாள். கார் எண்ணெய், மழைநீர்ப் பீலி, புகையறிவிப்பு மணியின் பற்றரி, கதவுப் பிணைச்சல்கள். அதற்குக் கீழே, கொஞ்சமும் கூச்சமில்லாமல், அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் தம்பிக்குப் போன், ஆறு கிழமைக்கு ஒருமுறை. அதற்கும் கீழே, மனைவிக்குப் பூ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

மாமி வாய்க்காரி. ஏப்ரலில் ஒருநாளும் ஒக்டோபரில் ஒருநாளும் சூப்பர்மார்க்கெட் பூங்கொத்து ஒன்று வீட்டுக்கு வரும். அன்று யாராவது போனால் மாமி பூச்சாடியைக் காட்டி, "இண்டைக்கு எனக்கு எண்ணெய் விட்டிருக்குது" என்பா.

எங்கள் ஆட்கள் டென்மார்க்கைப் பற்றி முறைப்படும் விஷயங்கள் எல்லாம் அவருக்குத் திருவிழா. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காரைக் கட்டாயச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் மற்றவர்கள் புறுபுறுப்பார்கள். அவர் அன்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேர்ட் அணிந்து போவார். புகைபோக்கி துடைப்பவர் வரும் நாளில் கேக் வாங்கி வைப்பார். கொம்யூனில், அதாவது நகரசபையில் இருந்து வரும் குப்பை நாட்காட்டியை எங்கள் அப்பா பிரித்துப் பார்க்காமலே குப்பையில் போடுவார். மாமா அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறை. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தது ஏதோ விலாசம் மாறிய தபால் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளிடம் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "தம்பி, அம்மாவோட எத்தனை நாளைக்கு ஒருக்கா கதைக்கிறனீர்?" முதலில் வந்தவன் பாவம், "நினைவு வரேக்கை கதைப்பன் அங்கிள்" என்றான். இரண்டாவதாக வந்தவன் ஹோர்சன்ஸ்காரன். "ஒவ்வொரு ஞாயிறும் பத்தரைக்கு" என்றான். கல்யாணம் நடந்துவிட்டது. அது பொய் என்பதும், மகளே அந்தப் பதிலைச் சொல்லிக் கொடுத்தாள் என்பதும் கல்யாணத்துக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கு இன்றுவரை தெரியாது.

நான் அப்போது ஒரு மிருக வைத்தியக் கிளினிக்கில் நேர்ஸாக வேலை செய்துகொண்டிருந்தேன். அம்மா ஊராரிடம் "பிள்ளை கிளினிக்கில நேர்ஸ்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வா. முழங்கால் நோவுக்கு என்னிடம் மருந்து கேட்டு வந்தவர்கள் உண்டு. உண்மை தெரிந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் ‘நாய் நேர்ஸ்’ என்றார்கள். அதனால், நாயைத் தொடாத எங்கள் ஆட்களில் ஒருவரான மாமா ஒருநாள் நாயோடு எங்கள் வாசலில் வந்து நின்றபோது நான் அதிர்ந்துதான் போனேன்.

அவருடைய மறுபக்கத்து வீட்டில் தனியாக ஒரு டேனிஷ் மூதாட்டி இருந்தா. ஒவ்வொரு வசந்தத்திலும் அவவின் படலைப் பிணைச்சலுக்கும் மாமா கேட்காமலே எண்ணெய் விடுவார். அவவுக்கு நடக்க முடியாமல் போய், முதியோர் இல்லத்துக்கு மாறும் நிலை வந்தது. அங்கே நாய் வைத்திருக்க முடியாது. தன் பிள்ளைகளை விட்டுவிட்டு மாமாவைக் கூப்பிட்டு, "நீங்கள் எதையும் மறப்பதில்லை" என்று சொல்லி, நாயையும் ஒரு நீலக் காகிதக் கோவையையும் கையில் கொடுத்துவிட்டா.

நாய் ஒரு யோர்க்ஷயர் ரெறியர். மூன்று கிலோ கூட வராது. பெயர் பிறின்ஸ். மாமிக்கு நாய் என்றாலே ஆகாது. ஆனாலும் அது வந்த மூன்றாம் நாளே "இளவரசர் எழும்பிட்டாரோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டா.

மாமாவை மயக்கியது நாய் அல்ல, கோவை. தடுப்பூசித் திகதிகள், பூச்சிமருந்துத் திகதிகள், நகம் வெட்டிய நாட்கள் எல்லாம் அச்சடித்தது போன்ற கையெழுத்தில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் ‘பற்கள்’ என்று தலைப்பு. அதன் கீழே இரண்டே சொற்கள். எஃப்தர் பெஹோவ். தேவைக்கேற்ப.

"இஞ்சை பார் பிள்ளை." அவர் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டியபோது குரல் தாழ்ந்திருந்தது, ஒரு நல்ல மனிசியைப் பற்றிக் கெட்ட விஷயம் ஒன்று தெரியவந்தது போல. "மற்றது எல்லாம் ஒழுங்கா எழுதின மனிசி, இதை மட்டும் ஏன் இப்பிடி விட்டது? தேவைக்கேற்ப எண்டால் தேவை ஆருக்குத் தெரியும்? நாய் வந்து சொல்லுமே?"

அடுத்த கிழமை கிளினிக்குக்கு வந்தார். எங்கள் டொக்டர் நெடிய, மெலிந்த, அவசரமில்லாத டேனிஷ் பெண். பிறின்ஸின் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பல்லில் காவி படிந்திருக்கிறது, மயக்க மருந்து கொடுத்து முறையாகச் சுத்தம் செய்வோம் என்றார். மாமா குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?"

"இவ்வளவு சின்ன நாய்களில் பலவற்றுக்கு வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படும். சிலவற்றுக்கு ஆறு மாதத்திலேயே தேவைப்படும். சில இரண்டு வருடமும் தாங்கும்."

"இதில் எது சரி?"

"மூன்றும் சரி."

மாமா பேனையை மூடினார். டொக்டர் பொறுமையாக விளக்கினார். "பெரிய ஷெப்பர்ட் நாய்க்கும் நாற்பத்திரண்டு பல். இவனுக்கும் அதே நாற்பத்திரண்டு. தாடைதான் சின்னது. பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், இடுக்கெல்லாம் அழுக்குத் தங்கும். வேர் அழுகினாலும் வெளியே தெரியாது. நாய்கள் நோவைக் காட்டாது, சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும்."

"விளங்குது," என்று மாமா என்னிடம் தமிழில் சொன்னார். "நாங்கள் வந்த புதிசில அகதி முகாமில ஒரு அறைக்குள்ள எட்டுப் பேரைப் போட்ட மாதிரி. அதுக்கும் ஒரு முறை வச்சுத்தான் கூட்டித் துடைச்சனாங்கள். நம்பரைக் கேள் பிள்ளை."

நான் கேட்டேன். டொக்டர் சிரித்தார். "இப்போது சுத்தம் செய்கிறேன். வீட்டில் தினமும் தீட்டுங்கள். ஆறு மாதத்தில் கொண்டுவாருங்கள், வாயைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

"பார்க்க மட்டுமா?"

"பார்க்க மட்டும்."

வேலை எதுவும் செய்யாமல் பார்ப்பது மட்டும் என்பது மாமாவின் அகராதியில் இல்லாத விஷயம். வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்று எனக்கு அதன் சூட்சுமத்தைச் சொன்னார். இயந்திரம் விற்கிற கம்பனிக்காரன் எப்போதும் பாதிக் காலத்தைத்தான் சொல்லுவானாம், எண்ணெய் விற்க வேண்டுமே. ஆறு மாதம் என்று எழுதியிருந்தால் தொழிற்சாலையில் அவர் ஒரு வருடம் என்று போடுவாராம். முப்பது வருடத்தில் ஒரு இயந்திரமும் செத்ததில்லையாம். "இவ சொன்னது ஒரு வருஷம். அப்ப உண்மையில ரெண்டு. காருக்கும் ரெண்டுதானே."

அலுமாரிக் கதவில் ஒரு புதிய வரி ஏறியது. பிறின்ஸ், பல், இருபத்துநான்கு மாதம்.

தினமும் தீட்டச் சொன்னதை அவர் தட்டவில்லை. அதில் குறை சொல்லவே முடியாது. ஒவ்வொரு மாலையும் ஏழு மணிச் செய்திக்கு முன்னர் நாயை மடியில் இருத்தி, சின்னத் தூரிகையால் முன்பற்களில் பத்துத் தரம் தீட்டுவார். மேலே ஐந்து, கீழே ஐந்து. நான் ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய வாய் எண்ணிக்கொண்டிருந்தது, கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. கன்னத்தை விலக்கிப் பின்பல்லுக்குத் தூரிகை ஒருநாளும் போகவில்லை. பின்பக்கம் தொட்டால் நாய் முறுக்கும். முறுக்கினால் எண்ணிக்கை குழம்பும்.

ஒன்றரை வருடம் போனது. முதலில் கவனித்தது மாமிதான்.

"இஞ்சேருங்கோ, நாயின்ர வாய் மணக்குது."

"நாயின்ர வாய் நாய் மாதிரித்தான் மணக்கும்."

"இது வேற மணம். ஒரு பக்கத்தாலதான் சப்புது. பிஸ்கட்டை வாயில எடுத்திட்டு கீழ போடுது."

"நான் ஒவ்வொரு நாளும் தீட்டுறன். திகதிக்கு இன்னும் ஏழு மாசம் கிடக்கு."

இதை மாமி எனக்கு நடித்துக் காட்டினா. நடித்து முடிய இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கப் போனபோது பிறின்ஸ் ஓடிவந்து என் மடியில் தலையை வைத்தது. அந்த மணம் எனக்குத் தொழில் ரீதியாகத் தெரிந்த மணம். உதட்டைத் தூக்கப் பார்த்தேன், தலையைத் திருப்பிக்கொண்டது.

"மாமா, இவனைத் திங்கக்கிழமை கிளினிக்குக்குக் கொண்டுவாங்கோ. பின்பல்லில ஏதோ இருக்குது."

மாமா கோபிக்கவில்லை. என் கையைப் பிடித்து மரியாதையாகக் குசினிக்குக் கூட்டிக்கொண்டுபோய், அலுமாரிக் கதவைத் திறந்து, விரலை வைத்துக் காட்டினார். "மே மாசம்."

ஒரு டேனிஷ்காரர் இப்படிச் செய்திருந்தால் நான் நேரே சொல்லியிருப்பேன். மே மாதம் வரை காத்திருந்தால் பல் போகும், எலும்பும் போகலாம் என்று தினமும் நான்கு பேருக்குச் சொல்கிறவள் நான். ஆனால் அவர் என்னைச் சின்னனில் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் விட்ட மாமா. கையில் மாமி தந்த வடை வேறு. "சரி மாமா, பாத்துச் செய்யுங்கோ" என்று சொல்லி, வடையைத் தின்றுவிட்டு வந்தேன்.

பெப்ரவரியில் ஒரு காலை, எட்டு மணிக்குக் கிளினிக் கதவைத் திறந்தபோது மாமா வாசலில் நின்றார். முன்பதிவு இல்லை. அவர் எந்த இடத்துக்காவது முன்பதிவு இல்லாமல் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பனியில் வீட்டுச் செருப்போடு நின்றார். துவாய்க்குள் பிறின்ஸ்.

"பிள்ளை, இவன்ர வாய் மூடேல்லை."

நாயின் கீழ்த்தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. காய்ந்த பாண் துண்டு ஒன்றைக் கடித்ததாகவும், ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டதாகவும், அதன் பிறகு நாய் கத்தவே இல்லை என்றும் சொன்னார். கத்தாததுதான் அவரை மிகவும் பயப்படுத்தியிருந்தது.

எக்ஸ்ரே எடுத்தோம். கீழ்ப் பக்கத்துப் பெரிய பல் ஒன்றின் வேரைச் சுற்றி எலும்பு கரைந்து, மிச்சம் தாள் போல இருந்தது. அந்த இடத்தில் வெடித்திருந்தது. அந்தத் தாடைக்கு ஒரு பாண் துண்டே அதிகம். முன்பற்கள் மட்டும் பளபளவென்று இருந்தன. அவ்வளவு சுத்தமான முன்பற்களை நான் வேறெந்த நாயிலும் கண்டதில்லை.

டொக்டர் மாமாவிடம் கேட்டார். "வாயில் நாற்றம் எவ்வளவு காலமாக இருக்கிறது?"

இந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். இப்போதுதான், ஒரு கிழமையாகத்தான், சரியாகத் தெரியாது. மாமா சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். ஒரு பக்கத்தைப் புரட்டினார். மனைவி முதன்முதலாக முறைப்பட்ட நாளை வாசித்தார். அடுத்த முறைப்பாட்டையும் வாசித்தார். தீபாவளி நாளைக் காட்டி, "இது இவ சொன்னது" என்று என்னைக் காட்டினார். எல்லாம் குறித்து வைத்திருந்தார். தொழிற்சாலைப் பழக்கம். முறைப்பாட்டைப் பதிந்துவிட்டு, அடுத்த சேர்விஸ் திகதிவரை காத்திருந்திருக்கிறார். திகதிகளை வாசித்து முடித்தபோது அவருக்கே அது கேட்டது. நான்கு மாதக் கணக்கை அவருடைய வாயே வரிசையாகச் சொல்லிவிட்டது.

டொக்டர் அவரைத் திட்டவில்லை. அன்று டொக்டரின் கண் ஒருகணம் என் பக்கம் திரும்பியதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

"வயது போன நாய். கிருமி நிறைய இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்தால் எழும்புமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கொடுக்காமல் விடவும் முடியாது."

மாமா கேள்வி எதுவும் கேட்கவில்லை. பிழைக்க எத்தனை வீதம், எத்தனை மணித்தியாலம் என்று கேட்பார் என நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினார்.

மாமி வேலை செய்த முதியோர் இல்லத்தில் காலை நேரத்தில் விட்டுவிட்டு வர முடியாது. மாமா தனியாகக் காத்திருக்கும் அறையில் இருந்தார். எதிர்ச் சுவரில் நாய்களின் பற்களைப் பற்றிய பெரிய படம். அதற்கு முதுகு காட்டி இருந்தார். நான் இடையில் ஒருமுறை தேநீரோடு போனேன்.

"மாமா, நான் அண்டைக்குக் கட்டாயப்படுத்திச் சொல்லியிருக்கோணும்."

"நீ சொன்னனீதானே. எழுதி வச்சிருக்கிறன்."

தேநீரைக் குடிக்காமல் பக்கத்துக் கதிரையில் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கதைத்தார்.

"ஃபக்ரறியில எனக்குப் பட்டியல் தேவைப்பட்டதில்லை பிள்ளை. மெசினில கையை வச்சால் தெரியும். ஒரு சத்தம் மாறினால் அங்கால் பக்கத்தில நிண்டாலும் தெரியும். புதுப் பெடியளுக்கு அது விளங்காதெண்டுதான் எழுதி ஒட்டினனான். பிறகு முதலாளிக்குப் பட்டியல் பிடிச்சுப்போச்சு. என்ர காதுக்கு ஒருத்தரும் கைதட்டேல்லை. பட்டியலுக்கு ஒருக்கா மேடையில கூப்பிட்டுப் பூக்கொத்துத் தந்தவங்கள்."

நான் ஆறிய தேநீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பதினொரு பற்களைப் பிடுங்கினோம். தாடையை வாய்ப்பட்டி போட்டுக் கட்டினோம். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறின்ஸ் ஒரு கண்ணைத் திறந்து, எங்களைப் பார்த்து, பிடிக்காமல், திரும்ப மூடிக்கொண்டது. நான் அறைக்குப் போய்ச் சொன்னபோது மாமா எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பினார். செருப்புக்குள் ஊறிய பனித் தண்ணீர் தரையில் ஒரு சின்னக் குளமாக நின்றது. "நான் துடைச்சு விடுறன், துடைப்பான் எங்கை?" என்று கேட்டு அழத் தொடங்கினார்.

நாய் பிழைத்தது. கூழ் மாதிரிக் கரைத்த சாப்பாட்டோடு ஒன்றரை மாதம். எலும்பு ஒரு மாதிரி ஒட்டியது. பக்கத்தில் தடுக்கப் பல் இல்லாததால் நாக்கு எப்போதும் இடப்பக்கத்தால் வெளியே தொங்கியது. கோயில் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும். மாமி, "இளவரசர் எல்லாருக்கும் நாக்குக் காட்டுறார்" என்று பெருமையாகச் சொல்லுவா.

மாமா திருந்தினார் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அவர் திருந்தும் விதமும் அவரைப் போலத்தான் இருந்தது. சாமான் கடையில் தலையில் கட்டும் விளக்கொன்று வாங்கினார். ஒவ்வொரு மாலையும் அதைப் போட்டுக்கொண்டு நாயின் வாயைத் திறந்து, மிச்சம் இருந்த பற்களைப் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கடிகாரத்தை இப்போது பார்ப்பதில்லை. அதனால் ஏழு மணிச் செய்தியில் பாதி தினமும் போய்விடும் என்று மாமி முறைப்பட்டா. ஈறில் ஒரு சிவப்புக் கண்டால் மறுநாள் காலை கிளினிக்கில் நிற்பார். மாதத்தில் நான்காவது தடவையாக வந்தபோது டொக்டர் என்னிடம், "இவருக்கு ஒரு எண் கொடுத்துவிடுவோமா?" என்று கேட்டார்.

அதோடு நிற்கவில்லை. குளத்தைச் சுற்றியுள்ள நடைபாதையில் சின்ன நாய்களோடு வருகிறவர்களை மறித்து, "மன்னிக்கவேண்டும், கடைசியாக எப்போது பின்பல்லைப் பார்த்தீர்கள்?" என்று கேட்கத் தொடங்கினார். டேனிஷ்காரர் தெருவில் முன்பின் தெரியாத ஆளோடு கதைப்பதே அபூர்வம். இருட்டுகிற நேரத்தில் நெற்றியில் விளக்கெரிய ஒரு கறுத்த மனிதர் நாயின் வாயைத் திறக்கச் சொன்னால் என்ன செய்வார்கள்? எங்கள் குடியிருப்பின் இணையக் குழுவில் ஒருவர் எச்சரிக்கை போட்டார். கீழே இன்னொருவர், தான் முதலில் பயந்ததாகவும், ஆனால் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது தன் சிவாவா நாய்க்கு இரண்டு பல் ஆடிக்கொண்டிருந்ததாகவும் எழுதினார். அந்தக் கிழமை எங்கள் கிளினிக்கில் பல் சுத்தம் செய்ய ஆறு சின்ன நாய்கள் வந்தன. ஆறு நாய்க்காரரும் டொக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதுதான். பார்த்துத்தான் சொல்லலாம் என்றபோது ஆறு பேருக்கும் அது பிடிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் மாமாமேல் வைத்திருந்த கோபத்தில் கொஞ்சம் குறைந்தது.

பிறகு மாமி ஓய்வு பெற்றதும் அவர்கள் மகளோடு இருக்க ஹோர்சன்ஸுக்கு மாறினார்கள். போய்ப் பல வருடமாகிவிட்டது. பிறின்ஸும் அங்கேதான் தன் வயதுக்குச் செத்தது, நித்திரையில். சாமான் கட்டிய நாளில் உதவிக்குப் போயிருந்தேன். மாமா வெளியே வாடகை வானில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்க, மாமி என்னைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினா.

"உனக்கு ஒரு கதை சொல்லோணும். சிரிக்கக்கூடாது."

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலை. மாமா கதிரையில் இருந்து நாயின் வாயைப் பார்த்து முடித்திருக்கிறார். நாய் இறங்கி ஓடிவிட்டது. மாமி பக்கத்தில் இருந்து கச்சான் கடலை சப்பிக்கொண்டிருந்திருக்கிறா. மாமா திரும்பிப் பார்த்தாராம். விளக்கு வெளிச்சம் முழுக்க மாமியின் முகத்தில்.

"நீர் ஏன் ஒரு பக்கத்தால சப்புறீர்?"

"சும்மாதான்."

"வாயைத் திறவும்."

"விசர்க்கதை கதையாதேங்கோ. நான் என்ன நாயே?"

"திறவும், பாப்பம்."

மாமிக்கு முதலில் சிரிப்பு வந்ததாம். கல்யாணம் முடித்து முப்பத்தெட்டு வருடத்தில் அந்த மனிசன் அவ்வளவு கிட்டத்தில் வந்து தன் முகத்தைப் பார்த்ததில்லையாம். சரி, பார்த்துத் தொலைக்கட்டும் என்று திறந்திருக்கிறா. மாமா கன்னத்தை விரலால் விலக்கினார். தலையைச் சரித்து உள்ளே பார்த்தார்.

"இதில ரெண்டு பல்லு இல்லையே."

"ஓம்."

"எப்ப போனது?"

"மூண்டு வருஷம் இருக்கும். வேலையில மத்தியான இடைவேளைக்குப் போய்ப் புடுங்கிப்போட்டு வந்தனான். அண்டைக்கு நீங்கள் காருக்குக் குளிர்காலச் சில்லு மாத்தினனீங்கள்."

"எனக்குச் சொல்லேல்லையே?"

"நீங்கள் கேக்கேல்லை."

மாமி இதைச் சொல்லும்போது வழக்கம் போல நடித்துத்தான் சொன்னா. மாமாவின் குரலில் மாமாவாக, தன் குரலில் தானாக. ஆனால் இந்த இடத்தில் நடிப்பு நின்றுவிட்டது. கச்சான் கோது மடியெல்லாம் கிடந்ததாம். மாமா நெற்றி விளக்கை அணைக்கவும் இல்லையாம், எழும்பவும் இல்லையாம். வெளிச்சத்தில் மாமிக்கு அவருடைய முகம் தெரியவில்லை, விரல் மட்டும் கன்னத்திலேயே இருந்ததாம்.

"பிறகு?" என்று நான் கேட்டேன்.

"பிறகென்ன," என்றா மாமி. "‘மற்றப் பக்கத்தையும் காட்டும்’ எண்டார்."